சாட்சிக் கையெழுத்து

"பத்தொம்பது பேரு! பத்தொம்பது பேரு ஆஸ்பத்திரியில கிடக்கறாங்க. நான் அப்பவே சொன்னேனா இல்லையா?"

அருள்ஜோசப் இதைக் காலையிலிருந்து நாலாவது முறையாகச் சொன்னார். குரலில் கவலை இருந்தது. முகத்தில் இல்லை.

களி கிண்டிக்கொண்டிருந்த மனைவி கிருபாராணி, "பாவம்ங்க, எல்லாம் சின்னப் பசங்க. வாந்தி நிக்கவே இல்லையாம்" என்றாள்.

"பசங்க பாவம்தான். அந்தப் பாயைச் சொல்லு!"

பாகலூர் ரோட்டில், கம்பெனி கேட்டுக்குப் பக்கத்தில் பதினோரு வருஷமாக மெஸ் நடத்துகிறவர் அருள்ஜோசப். போன வருஷம் முனீர் அகமது நேர் எதிரே பிரியாணிக் கடை போட்டார். அன்று பிடித்த வயிற்றெரிச்சல் இவருக்கு இன்னும் அடங்கவில்லை.

ஒரு மணிக்கு கேட் திறந்தால் கூட்டம் மொத்தமும் அந்தப் பக்கம் திரும்பும். இவர் இங்கே உட்கார்ந்து, அங்கே நுழைகிற தலைகளை எண்ணுவார். எண்ணி முடிப்பதற்குள் இங்கே சோறு ஆறிவிடும். தயிர்ச் சட்டியைத் தொட ஆளிருக்காது.

நேற்று மதியம் முனீர் கடையில் சாப்பிட்டவர்கள்தான் அந்தப் பத்தொன்பது பேரும். கர்த்தர் கண் திறந்துவிட்டார் என்றே அருள்ஜோசப் நினைத்தார்.

உணவுப் பாதுகாப்பு அலுவலர் பொற்கொடி முதலில் இவரிடம்தான் வந்தார்.

"எதிர்க்கடையைப் பத்தி உங்களுக்கு என்ன தெரியும்?"

"நான் யாரைப் பத்தியும் தப்பாப் பேசற ஆளு இல்லைங்க மேடம்" என்று ஆரம்பித்து கால் மணி நேரம் பேசினார். கறி பழசு. எண்ணெய் அதைவிடப் பழசு. தட்டைத் தண்ணீரில் காட்டி எடுப்பதோடு சரி.

"நீங்க உள்ள போய்ப் பார்த்தீங்களா?"

"நான் எதுக்கு மேடம் அந்தப் பக்கம் போறேன்?"

"சரி. நேத்து உங்க கடையில சாப்பிட்டவங்களுக்கு?"

"ஒருத்தருக்கும் ஒண்ணும் ஆகலைங்க!" நெஞ்சை நிமிர்த்தினார்.

"எத்தனை பேர் சாப்பிட்டாங்க?"

"மூணு பேரு."

பொற்கொடி சிரிக்காமல் எழுதிக்கொண்டு எதிரே போனார். அரை மணி கழித்து இவரை ஆள் விட்டுக் கூப்பிட்டார். அறிக்கையில் சாட்சிக் கையெழுத்துப் போட அக்கம்பக்கத்தார் ஒருவர் வேண்டுமாம்.

முதல் முறையாக முனீரின் சமையலறைக்குள் நுழைந்தார் அருள்ஜோசப். பாத்திரமெல்லாம் பளபளவென்று இருந்தது. அதுவும் அவருக்கு எரிச்சலாகத்தான் இருந்தது.

"கறி, எண்ணெய் எதுலயும் குறை தெரியலை" என்றார் பொற்கொடி. "நேத்து இங்க சாப்பிட்ட நாப்பத்தாறு பேரையும் காலையிலயே ஆஸ்பத்திரியிலயும் கம்பெனியிலயும் விசாரிச்சுட்டுத்தான் வந்தேன். தயிர்ப்பச்சடி தொடாதவங்க எல்லாரும் நல்லா இருக்காங்க. விழுந்தவங்க அத்தனை பேரும் பச்சடி சாப்பிட்டவங்க. தயிர் எங்கே வாங்கினீங்க, முனீர்?"

முனீரின் மனைவி காத்தூன் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். முனீர் கையைக் காட்டி அடக்கினார்.

"எங்கயும் வாங்கலை மேடம். நாங்களே உறை ஊத்தின தயிர்தான். தப்பு என்னுது."

"அப்போ மறு உத்தரவு வர்ற வரைக்கும் கடையைத் திறக்கக் கூடாது. தவறு செய்தவர்னு இருக்கற இடத்துல நீங்க போடுங்க. சாட்சி, நீங்க இங்கே."

முனீர் குனிந்து போட்டார். அருள்ஜோசப் இனிஷியலோடு போட்டு, கீழே ஒரு கோடும் இழுத்தார். நாளைக்கு நாலு படி அரிசி கூடுதலாகப் போடச் சொல்ல வேண்டும்.

பொற்கொடி மிச்சப் பச்சடியை எடுத்துக்கொண்டு ஜீப்புக்குப் போனார். முனீர் அரிசி மூட்டைக்குப் பின்னாலிருந்து ஒரு எவர்சில்வர் தூக்கை எடுத்து வந்தார்.

"அண்ணே, அக்காவுது. குடுத்துருங்க."

தூக்கின் பக்கத்தில் 'கிருபாராணி' என்று பெயர் வெட்டியிருந்தது. அவளுடைய கல்யாணச் சீர்.

"இது எப்படி பாய் இங்க?"

"நேத்து பால்காரர் வரலைண்ணே. உறை ஊத்த முடியலை. காத்தூன் போய் நின்னதும், அக்கா உங்க சட்டித் தயிரை அப்படியே ஊத்திக் குடுத்துட்டாங்க. உங்களுக்குத் தெரிஞ்சா கோவிப்பீங்கன்னு சொல்லலை போல."

அருள்ஜோசப் தூக்கைக் கையில் வாங்கினார். அது மூன்று நாள் தயிர். கொட்ட மனசு வராமல், புளிப்புத் தெரியக் கூடாதென்று, காய்ச்சாத பாலை ஊற்றிக் கலக்கி வைத்தவர் அவர்தான். அது கிருபாராணிக்குக்கூடத் தெரியாது.

"மேடம்கிட்ட ஏன் சொல்லலை?"

"சொன்னா உங்க கடையையும் மூடிருவாங்கண்ணே. நாளைக்கு ஒரு மணிக்குப் பசங்க எங்க போய்ச் சாப்பிடுவாங்க? வாங்கினவன் நான், மோந்து பார்த்திருக்கணும். அக்காகிட்ட இதைச் சொல்லிடாதீங்க, மனசு ஒடிஞ்சிடுவாங்க."

தூக்கு கனத்தது. மூடியைத் திறந்தார். உள்ளே சர்க்கரை.

"வாங்கின பாத்திரத்தை வெறுமையாத் திருப்பக் கூடாதுன்னு காத்தூன் போட்டா" என்றார் முனீர், பாதி ஷட்டரை இறக்கியபடி.

ஜீப் உறுமியது. அருள்ஜோசப் தூக்கோடு ஓடிப்போய் அதன் முன்னால் நின்றார்.

"என்னங்க?" என்றார் பொற்கொடி.

"அந்தக் காகிதத்தைக் கொஞ்சம் குடுங்க மேடம். கையெழுத்து இடம் மாறிப் போச்சு. பாய் போட்ட இடத்துல நான் போட்டிருக்கணும்."