மண்ணுக்கடியில் இருந்த சிவப்பு

இங்கிலாந்தின் நார்தம்பர்லேண்டில், மே மாத மாலை வெயில் ஐடாவின் தோட்டத்துக் கல்சுவரில் சாய்ந்து கிடக்கிறது. தங்கை வீட்டில் ஒரு வாரம் இருந்துவிட்டு வந்தவள் கோட்டைக்கூடக் கழற்றாமல் நிற்கிறாள். சுவரோரம், சிவப்பாய்ப் பூக்கும் ஃப்யூஷியாச் செடி நின்ற இடத்தில் ஒரு குழி. மகன் டெரிக், தான் இறந்துபோவதற்கு முந்தைய கோடையில் தன் கையால் நட்ட செடி அது. பனி கருக்கிய குச்சிகளை அவள் குளிர்காலம் முழுக்க வெட்டாமல் வைத்திருந்தாள்; அவைதான் வேருக்குப் போர்வை. ஊரெல்லாம் துளிர்த்து முடித்த பிறகுதான் அது மண்ணுக்குள்ளிருந்து எட்டிப் பார்க்கும், எல்லா வருஷமும்.

"செத்த குச்சியப் பாத்துப் பாத்து நீ அழறது எனக்குப் பொறுக்கல. அதான் தோண்டிட்டேன்," என்கிறார் பக்கத்து வீட்டு நெவில், மண்வெட்டியில் சாய்ந்தபடி. "வேர் என்னமா புடிச்சிருந்துச்சு தெரியுமா, என் இடுப்பே போச்சு. அங்க என் லீக்ஸ் வெங்காயத்தாள் நாத்து வச்சுத் தரேன். ஊர்க் காய்கறிப் போட்டிக்கே அனுப்பலாம்."

"லீக்ஸ விட்டா உங்களுக்கு வேற செடியே கிடையாது."

அவர் சிரிக்கிறார். தள்ளுவண்டியில் வேர்க்கட்டை இரண்டாகப் பிளந்து, காற்றில் காய்ந்து விறகாகக் கிடக்கிறது. அதன் கழுத்தைச் சுற்றி அரிசி அளவில் சிவப்பு முளைகள், சுருங்கிப்போய். இன்னும் கொஞ்ச நாளில் வெளியே வந்திருக்கும். நெவில் கிட்டே வருகிறார். ஐடா முளைப் பக்கத்தை அவர் கண்ணில் படாதபடி மெல்லக் கீழே கவிழ்த்து வைக்கிறாள்.

"ரொம்ப நன்றி நெவில். உள்ள போய் உக்காருங்க, டீ போடறேன்."

அவர் போகிறார். அவள் கை மட்டும் கட்டையை விட்டு விலகவில்லை.