கொசு பார்க்காதது

உலகத்திலேயே யாரும் யாரிடமும் சாதி கேட்காத ஒரே இடம் எங்கள் பொதுச் சுகாதார ஆராய்ச்சித் துறைதான். கொசுவே ஆள் பார்த்துக் கடிப்பதில்லை. அதை ஆராயும் நாங்கள் பார்ப்போமா? புதிதாகச் சேர்ந்த அஞ்சுகத்திடம் சீனியர் வைத்திலிங்கம், “ஊர்ல எந்தத் தெரும்மா?” என்று இழுத்தபோது, “எதுக்கு சார், மருந்தடிக்கவா?” என்று மடக்கியது நான்தான். எல்லோரும் சிரித்தார்கள். அஞ்சுகம் மட்டும், “இந்தக் கேள்விக்காகத்தான் முந்தின வேலைய விட்டேன்,” என்றாள். அன்றிலிருந்து மதியம் என்னோடுதான் சாப்பிடுகிறாள். இன்று முதல்முறையாகத் தன் வீட்டுக் குழம்பை என் தட்டில் ஊற்ற வந்தாள். கேட்கக் கூடாது என்று உதட்டைக் கடித்துக்கொண்டுதான் இருந்தேன். வாய் தானாகவே, சன்னமாக, “ஊர்ல உங்க வீடு கோயிலுக்கு இந்தப் பக்கமா, அந்தப் பக்கமா?” என்றது. கரண்டி என் தட்டுக்கு மேலேயே நின்றது.