கையெழுத்து சரியில்லை

"எந்தக் காலேஜ்லம்மா டாக்டருக்குப் படிச்சீங்க?"

டாக்டர் பேனாவை மேஜையில் போட்ட சத்தத்தில் சிஸ்டர் திரும்பிப் பார்த்தாள்.

"நான் எட்டாவதுதாங்க" என்றாள் நோயாளியின் மனைவி.

"அப்புறம் நான் எழுதற மாத்திரையைக் கேள்வி கேக்கறீங்க?"

"இவருக்குக் கிட்னி பாதிகூட வேலை செய்யலை. போன வாரம் ரத்தத்துல கிரியாட்டினின் ரெண்டு புள்ளி ஆறு, ஒண்ணு சொச்சம்தான் இருக்கணும். இந்த முட்டி வலி மாத்திரை கிட்னிக்கு ஆகாதுன்னு டப்பாவுக்குள்ள மடிச்சு வைக்கிற காகிதத்துலயே போட்டிருக்குங்க..."

"வாயை மூடுடி!" புருஷன் எழுந்தே விட்டான். "மன்னிச்சிடுங்க சார். ரெண்டு வருஷமா இவளுக்கு இதே பைத்தியம். அகராதியைப் பக்கத்துல வச்சுக்கிட்டு மருந்துக் காகிதத்தை எழுத்துக்கூட்டிப் படிக்கிறா. என் ரிப்போர்ட்டை எல்லாம் நோட்டுல எழுதி வைக்கிறா. அடுப்புல பால் பொங்கி வழியறது மட்டும் கண்ணுக்குத் தெரியாது!"

"அரைகுறைப் படிப்பு ஆளைக் கொல்லும்மா" என்றார் டாக்டர். "நாங்க பத்து வருஷம் படிச்சது நாலு காகிதத்துல வந்துடுமா? நம்பிக்கை இல்லைன்னா வேற இடம் பாருங்க. சிஸ்டர், அடுத்த ஆளை அனுப்பு."

கதவு திறந்தேதான் இருந்தது. வெளியே காத்திருந்தவர்கள் அத்தனை பேரும் அவளை ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள்.

படி இறங்கியும் புருஷன் ஓயவில்லை. "பெரிய மனுஷன் முன்னால மானத்தை வாங்கிட்டியே! மெத்தப் படிச்ச மேதாவின்னு நெனப்பு!"

அவள் டாக்டர் எழுதிய சீட்டோடு மருந்துக்கடையை நோக்கி நடந்தாள்.

மருந்துக்கடை வாசலை நெருங்கும்போது சிஸ்டர் மூச்சிரைக்க ஓடி வந்தாள்.

"அந்தச் சீட்டைக் கொடுங்கக்கா. கையெழுத்து சரியா விழலையாம். டாக்டர் வேற எழுதிக் கொடுத்திருக்கார்."

"பாத்தியா?" என்றான் புருஷன். "நீ அவ்வளவு பேசியும் மனசுல வச்சுக்கலை. தங்கமான மனுஷன்!"

அவள் புதுச் சீட்டை வாங்கி வரிவரியாகப் படித்தாள். எல்லாம் அப்படியே இருந்தது. முட்டி வலி மாத்திரை மட்டும் இல்லை.

சிஸ்டர் பழைய சீட்டுக்காகக் கையை நீட்டினாள்; முகத்தைப் பார்க்கவில்லை.

அவள் சீட்டைக் கொடுக்கவில்லை.

"என் வீட்டுல நான் படிச்சேன், சிஸ்டர். படிக்க ஆளில்லாத வீட்டுக்கு இப்படி எத்தனை சீட்டு போயிருக்கு?"