பைக் சாவி

"சாவியக் குடுக்கா. ஷிஃப்டுக்கு டைமாவுது."

"ஹெல்மெட் எங்க?"

"குமணன்சாவடி வரிக்கும்தாங்கா. அங்க கம்பெனி பஸ் வந்துடும். இதுக்குப் போயி இன்னாக்கா?"

"மேல போய் எடுத்துட்டு வா. தர்றேன்."

மூன்றாவது மாடி ஜெகதீஷுக்குக் கோபம் தலைக்கேறியது. ஏறாதா பின்னே? அந்தக் குடியிருப்பில் முக்கால்வாசிப் பேர் கனிமொழியிடம் வண்டிச் சாவியைப் பறிகொடுத்தவர்கள்தான். புருஷன் அந்த நிலைமையில் கிடக்கும்போது இவளுக்கு ஊர்வம்பு எதற்கு என்று அவள் காதுபடவே பேசினார்கள்.

அவள் கணவன் பூபாலனுக்கு நுரையீரல் இரண்டும் கெட்டுப்போயிருந்தன. வீட்டில் ஓடும் ஆக்ஸிஜன் மெஷினால்தான் அவன் மூச்சு ஓடிக்கொண்டிருந்தது. மாற்று நுரையீரலுக்குப் பதிவு செய்துவிட்டுக் காத்திருந்தார்கள். ஆஸ்பத்திரியிலிருந்து எப்போது வேண்டுமானாலும் ஃபோன் வரும். வந்தால் அந்த நிமிடமே கிளம்ப வேண்டும்.

மாடியிலிருந்து நாத்தனார் கிருஷ்ணப்பிரியா அலறினாள்.

"அண்ணீ! ஃபோன் அடிக்குது! புது நம்பர்! நான் அண்ணனைப் பிடிச்சிட்டிருக்கேன், ஓடி வாங்க!"

கனிமொழி சாவியோடு படியேறி ஓடினாள். முட்டி இடித்ததுகூடத் தெரியவில்லை. தெய்வமே, அந்த ஃபோனாக இருக்கட்டும்.

"ஹலோ! பூபாலன் வீடுதாங்க, சொல்லுங்க!"

"மேடம், செம்பரம்பாக்கம் பக்கத்துல சூப்பரா ஒரு ப்ளாட் இருக்கு..."

அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

கிருஷ்ணப்பிரியாவுக்கு வந்த அழுகை கோபமாகத் திரும்பியது.

"இது நிஜமான ஃபோனா இருந்து, நீங்க வர்றதுக்குள்ள கட்டாகியிருந்தா? சீக்கிரம் ஒரு டோனர் கிடைக்கணும்னு நான் கோயில் கோயிலா சுத்தறேன். நீங்க என்னடான்னா தெருவுல சண்டை போட்டுட்டு இருக்கீங்க. எவன் ஹெல்மெட் போட்டா நமக்கென்ன, போடாட்டி நமக்கென்ன?"

சாவிக்காகப் பின்னாலேயே வந்திருந்த ஜெகதீஷ் வாசலில் நின்றபடி, "நல்லா கேளுங்கக்கா" என்றான்.

கனிமொழி ஜன்னலோரக் கட்டிலைப் பார்த்தாள்.

பூபாலன் மாஸ்க்கை மெல்ல விலக்கினான். வார்த்தைக்கு வார்த்தை மூச்சு வாங்கியது.

"அவளைத் திட்டாத பிரியா. நான்தான்... அனுப்பறேன்."

"நீயாண்ணா? எதுக்கு?"

"டாக்டரைக் கேட்டேன்... டோனர்னா யாருன்னு. நிறையப் பேர்... பைக்லேர்ந்து விழுந்து, மூளைச்சாவு ஆன பசங்களாம்."

பூபாலன் ஜெகதீஷைப் பார்த்தான். திரும்பவும் மூச்சைச் சேர்த்துக்கொண்டு தங்கையிடம் சொன்னான்:

"கிடைச்சா வாங்கிக்கிறேன்மா, எனக்கும் உயிர்மேல ஆசைதான். ஆனா... நான் பார்த்துட்டே இருக்கும்போது ஹெல்மெட் இல்லாம போனவனோடதா மட்டும் அது இருக்கக் கூடாது."