கழிக்காதீங்க சார்!

"நான் ஒண்ணும் ஆர்டர் பண்ணலியேப்பா!"

வாசலில் சிவப்பு டெலிவரி பையுடன் நின்றவனைப் பார்த்து ஆடிட்டர் செங்கல்வராயன் கையை ஆட்டினார். கும்மிடிப்பூண்டி ஸ்டேஷன் ரோட்டில் அவரை எல்லோரும் ஆடிட்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். ஆடிட்டர் பரீட்சை பக்கமே அவர் போனதில்லை என்பது அவருக்கு மட்டும் தெரிந்த விஷயம்.

"இல்ல சார், இன்கம்டாக்ஸ் ஃபைல் பண்ண வந்தேன். பேரு சபரிநாதன்." பையை நாற்காலியில் பத்திரமாக இறக்கி வைத்தவன், கையோடு வாங்கி வந்திருந்த டீயை மேசையில் நகர்த்தினான். "சக்கரை போடாம சொன்னேன் சார்."

ஓசி டீயை ஏன், எதற்கு என்று விசாரிக்கும் பழக்கம் ஆடிட்டருக்கு இல்லை. ஒரு வாய் உறிஞ்சிவிட்டு மூக்கைச் சுளித்தார். "இன்னாபா, பையில பிரியாணி வாசனை வரும்னு பாத்தா மல்லிப்பூ வாசனை வருது?"

"பூவும் டெலிவரி பண்றோம் சார்."

சிப்காட் தொழிற்பேட்டையில் ஒரு கேட் விடாமல் சோறு சுமப்பவன் அவன். கம்பெனி அவனைச் செல்லமாக 'பார்ட்னர்' என்று அழைக்கும். அதனால் சம்பளம் கிடையாது, பி.எஃப். கிடையாது, லீவு கிடையாது. வரி என்று வந்தால் மட்டும் அவன் சொந்தத் தொழில் நடத்தும் முதலாளி.

ஆடிட்டர் அந்த முதலாளியின் கணக்கைக் கால்குலேட்டரில் தட்டினார். "வருஷத்துக்கு அஞ்சு லட்சத்து நாப்பதாயிரம் வந்துகீது. பெட்ரோலு, சர்வீஸு, டயரு, போன் ரீசார்ஜ் எல்லாம் கழிச்சா..."

"கழிக்காதீங்க சார்."

முப்பது வருட அனுபவத்தில் இப்படி ஒரு வார்த்தையை அவர் கேட்டதில்லை. "கழிக்கத்தான்பா நான் கடை தொறந்து வச்சிக்கினு கீறேன்! ஒரு மொதலாளி ஊட்டு நாய் துன்ன பிஸ்கட்டையே செக்யூரிட்டி செலவுன்னு கழிச்ச கை இது. இன்னா, லோன் எதுனா போடப் போறியா?"

"கல்யாணம் சார். பொண்ணோட அப்பா மனுஷனை நம்பமாட்டாராம், சீல் வச்ச பேப்பரைத்தான் நம்புவாராம். சோறு தூக்குறவன்னு வெறுங்கையோட போய் நின்னா வாசல்லயே தொரத்திடுவாரு. அடுத்த மாசம் வேற எடத்துல நிச்சயம் பண்ணப் போறாராம்."

ஆடிட்டர் தொப்பை குலுங்கச் சிரித்தார். "எந்த ஊரு லூசுபா அந்த ஆளு?"

"இந்தப் பக்கந்தான் சார்."

"வுடு. லூசு அப்பனுங்களுக்கு பேப்பர் ரெடி பண்றது நமக்குக் கை வந்த கலை. பன்னெண்டு லட்சம் வரைக்கும் டாக்ஸே கிடையாது. வந்த காசு மொத்தத்தையும் அப்படியே வருமானமா காட்டிடறேன். கவர்மெண்டுக்கும் நட்டமில்ல, உனக்கும் நட்டமில்ல. அந்த ஆளுக்குத்தான் நட்டம்!"

கம்ப்யூட்டரில் சோறு தூக்குகிறவன் காணாமல் போய், 'சபரி லாஜிஸ்டிக்ஸ், உரிமையாளர்' என்று ஒருவர் தோன்றினார். ரிட்டர்ன் போனது. லெட்டர்பேடில் தனியாக ஒரு வருமானச் சான்றிதழும் தயாரானது.

"இன்னொரு இருநூறு குடுத்தீன்னா, நடத்தைக்கும் ரெண்டு லைன் சேத்துடுவேன்."

சபரி இருநூறை எடுத்து வைத்தான். 'மேற்படியாரை ஐந்து வருடங்களாக எனக்கு நேரில் தெரியும். நாணயமானவர். எந்தக் கெட்ட பழக்கமும் இல்லாதவர்' என்று ஆடிட்டர் சேர்த்தார். மேற்படியார் உள்ளே வந்து அரை மணி நேரம்கூட ஆகியிருக்கவில்லை.

கையெழுத்தைப் போட்டு, சீலை வாயால் ஊதி, ஓங்கி ஒரு குத்து குத்தினார்.

"இந்த சீலை சந்தேகப்படறவன் எளாவூர் செக்போஸ்ட் வரைக்கும் எவனும் கிடையாது. போய் அந்த ஆளாண்ட காட்டு. வாயத் தொறக்காம பொண்ணைக் குடுப்பாரு."

"குடுக்கலன்னா சார்?"

"எப்படிக் குடுக்காம பூடுவாரு? பேப்பர் பொய்யின்னு சொல்லச் சொல்லு பாப்போம்! நான் இருக்கேன்பா, தைரியமா போய்க் காட்டு."

சபரிநாதன் எழுந்து பையின் ஜிப்பைத் திறந்தான். உள்ளேயிருந்து ஒரு தாம்பாளம் வந்தது. வெற்றிலை, பாக்கு, வாழைப்பழம், நாலு முழம் மல்லிப்பூ. மை காயாத சான்றிதழை அதன் மேல் வைத்து, இரண்டு கைகளாலும் ஆடிட்டர் முன்னால் நீட்டினான்.

"காட்டிட்டேன் மாமா."