பாதுகாப்பான இடம்

எல்லோரும் கண்ணை மூடிய பிறகு நான் மட்டும் ஒரு கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டேன்.

மனசை லேசாக்குகிற பயிற்சியாம். மகளிர் குழுவில் இருக்கிறவர்கள் கட்டாயம் வரவேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். மூலக்குளத்திலிருந்து ஸ்கூட்டியில் வந்த பிரியதர்ஷினி மேடம், சமுதாயக் கூடத்தில் பாய் விரித்து எங்களை உட்காரவைத்து, மூச்சைக் கவனிக்கச் சொன்னார்.

மூச்சை என்ன கவனிப்பது? அது பாட்டுக்கு வருகிறது, போகிறது. நான் ஊரைக் கவனித்தேன்.

காசம்மாள் உட்கார்ந்த மேனிக்கே குறட்டைக்குப் போய்விட்டாள். எலிசாவின் உதடு அசைந்தது. மூச்சா, ஜெபமாலையா, அவளுக்கும் மாதாவுக்கும்தான் வெளிச்சம். நான் துணிப்பையை மடியில் வைத்துக்கொண்டு, நகக்கண்ணில் ஏறியிருந்த நீலப் பெயிண்டைச் சுரண்டிக்கொண்டிருந்தேன்.

பக்கத்தில் ஜாய்ஸ். எங்கள் பின்வீட்டுக்காரி. விடிந்ததும் கம்பெனிக்குப் போனவள், அங்கிருந்து நேராக வந்திருந்தாள். யூனிபார்ம் கோட்டைக்கூடக் கழற்றவில்லை.

அவளும் கண்ணை மூடவில்லை. வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ரோட்டில் ஒரு பைக் போனது. அவள் தோள் இரண்டும் காது வரைக்கும் ஏறி இறங்கியது. அடுத்த பைக்குக்கும் ஏறியது. வில்லியனூர் ரோட்டில் பைக்குக்கா பஞ்சம்? இப்படியே போனால் பயிற்சி முடிவதற்குள் இவளுக்குக் கழுத்தே இருக்காது என்று நினைத்துக்கொண்டேன்.

மேடம் பின்னாலிருந்து வந்து, ஆறுதலாக அவள் முதுகில் கை வைத்தார்.

ஜாய்ஸ் இரண்டு கையாலும் தலையை மூடிக்கொண்டு குனிந்தாள்.

கொஞ்சம் ஓவர்தான். இவளுக்கு என்ன குறைச்சல்? புருஷன் சகாய சுரேஷ் வாய் நிறைய அக்கா என்று கூப்பிடுகிறவன். இன்றைக்கு, இவள் வேலைக்குப் போன பிறகு, திருப்புளி இருக்கிறதா என்று கேட்டு வந்தான். எதற்கு என்று கேட்காமல் விடுவேனா? சின்ன ரிப்பேர் என்றான். என் உலையில் அரிசி வேகுமுன்னே திருப்பிக் கொண்டுவந்து கொடுத்துவிட்டான். எங்கள் தெருவில் வாங்கின சாமானைத் திருப்பித் தருகிற ஆம்பிளை வேறு யார்?

மேடம் அடுத்த வித்தைக்குப் போனார். "மனசாலயே ஒரு இடத்துக்குப் போங்க. அங்க உங்களை யாரும் ஒண்ணும் பண்ண முடியாது. அது எந்த இடம்னு ஒவ்வொருத்தரா சொல்லுங்க."

எலிசா, மாதா கோயில் என்றாள். காசம்மாளை உலுக்கி எழுப்பினோம். பாகூர் ஏரிக்கரை என்று சொல்லிவிட்டு மறுபடி தூங்கப் போனாள். நான் பூரணாங்குப்பம், அம்மா வீடு என்றேன். அங்கே அண்ணிக்காரி என்ன லட்சணத்தில் சோறு போடுவாள் என்பது வேறு கதை.

ஜாய்ஸின் முறை.

"எங்க வூட்டு கக்கூஸு."

கூடமே குலுங்கிச் சிரித்தது. காசம்மாளுக்குக்கூடத் தூக்கம் போய்விட்டது.

"அதான் உள்ள பூந்தா வெளிய வர்றதே இல்லியாடி நீ?" என்று நான்தான் எடுத்துக் கொடுத்தேன்.

பொய்யில்லை. என் துணிக்கொடிக்கு நேரெதிரே அவர்கள் வீட்டுக் கழிப்பறை. நீலம் அடித்த தகரக் கதவு. சாயங்காலம் சாத்தினால் சில நாள் விடிந்துதான் திறக்கும். ஒருநாள் தலையணையோடு உள்ளே போனாள். குழாயடியில் இதைச் சொன்னால் தண்ணீர் வரும்வரை பொழுது போய்விடும்.

சிரிப்பு ஓயட்டும் என்று அவள் காத்திருந்தாள்.

"அதுக்கு மட்டுந்தாங்க்கா உள்பக்கம் தாப்பா இருக்குது. வூட்ல மத்ததெல்லாம் அவுரு கழட்டிட்டாரு."

காசம்மாளின் வாய் சிரித்தது சிரித்தபடியே நின்றுபோனது.

மேடம் இந்தமுறை அவளைத் தொடவில்லை. எதிரில் வந்து மண்டியிட்டு உட்கார்ந்தார். பிறகு, "சரிம்மா. கண்ண மூடி அங்கயே இரு. தாப்பாவப் போட்டுக்கோ" என்றார்.

ஜாய்ஸ் முதல்முறையாகக் கண்ணை மூடினாள். ரோட்டில் பைக் போனது. தோள் ஏறவில்லை.

மற்றவர்களெல்லாம் அவரவர் கையில் படுவதை மட்டும் கவனியுங்கள் என்றார் மேடம்.

என் கை துணிப்பையின் மேல் இருந்தது. பையினுள்ளே இருந்தது, சில்லென்று, கெட்டியாகப் பட்டது.

திருப்புளியோடு சேர்த்து சகாய சுரேஷ் கொடுத்தது. சும்மாதான் கிடந்தது அக்கா, உங்கள் கோழிக்கூண்டுக்கு ஆகும் என்றான். ஓசியில் வருகிறதே என்று பல்லைக் காட்டி வாங்கிக்கொண்டேன். பயிற்சி முடிந்து வில்லியனூர் போனால் அதற்கு ஸ்க்ரூ வாங்கலாம் என்று பையில் போட்டு எடுத்து வந்திருந்தேன். துருவாக்கும் என்று அதன் விளிம்பைச் சுரண்டிப் பார்த்தபோதுதான் நகக்கண்ணில் பெயிண்ட் ஏறியது.

நீலப் பெயிண்ட்.

மேடம் மணியை அடித்தார். எல்லோரும் கண்ணைத் திறந்தார்கள். வாசலில் ஹாரன் அடித்தது. சகாய சுரேஷ் பைக்கில் உட்கார்ந்தபடியே என்னைப் பார்த்துச் சிரித்தான்.

ஜாய்ஸ் எழுந்தாள். முகம் கொஞ்சம் தெளிந்திருந்தது. "வரேங்க்கா" என்றாள்.

நான் அவள் கோட்டு நுனியைப் பிடித்து இழுத்தேன். வாசலுக்குத் தெரியாமல் பையின் வாயை விரித்து, உள்ளே பார் என்று கண்ணைக் காட்டினேன்.

குனிந்து பார்த்தாள். கையை விட்டு அந்தத் தாழ்ப்பாளை ஒருமுறை தடவினாள்.

ஹாரன் மறுபடி அடித்தது.

ஜாய்ஸ் பாயிலேயே திரும்ப உட்கார்ந்தாள். நான் அவளுக்கும் வாசலுக்கும் நடுவில் நகர்ந்து உட்கார்ந்துகொண்டேன். அவள் கண்ணை இறுக்கி மூடினாள். தோள் காதுக்கு ஏறி, ஏறின இடத்திலேயே நின்றது.

ஊரில் யார் எங்கே போனாலும் எனக்குத் தெரியும். மூடின கண்ணுக்குள் இவள் இப்போது எங்கே போவாள் என்று மட்டும் தெரியவில்லை.