வலது கைக் கட்டைவிரல்

மெஷின் மறுபடியும் கீச்சென்றது. பொருந்தவில்லை.

அவள் கட்டைவிரலைச் சேலைத் தலைப்பில் துடைத்துவிட்டு மீண்டும் வைத்தாள். பிறகு ஆள்காட்டி விரல். பிறகு இடது கை.

பத்து விரலும் ஆயிற்று. போன மாதம் வரை ஏதாவது ஒரு விரல் பொருந்திக்கொண்டிருந்தது.

முப்பது வருடமாக முந்திரிக்கொட்டை உடைத்த கை. கொட்டை எண்ணெய் அரித்து அரித்து, ரேகை இருந்த இடம் வழுவழுவென்று கறுத்துக் கிடந்தது.

ரேஷன் கடை ஞானவேல் நல்ல மனுஷன்தான். வரிசை நீளமாக இருந்ததால் தலை நிமிராமல் கேட்டுவிட்டான்.

"வீட்ல வேற யாராச்சும் இருந்தா வரச் சொல்லுங்கம்மா."

கார்டில் ஒரே பெயர்தான். அது அவளுடையது.

அவள் கார்டை அவன் முன் நீட்டவே, இன்னொரு வழி இருக்கிறது என்றான். கார்டில் பதிந்த போனுக்கு ஒரு நம்பர் போகும். அதைச் சொன்னால் சாமான் வாங்கிக்கொள்ளலாம். சொன்ன கையோடு அனுப்பியும் விட்டான்.

அந்தப் போன் மகள் தமிழரசியிடம் இருந்தது.

இவள் பெற்றது அந்த ஒன்றைத்தான். இரண்டு வருடத்துக்கு முன் மனதுக்குப் பிடித்தவனோடு திருப்பூர் போய்விட்டாள். கிளம்பிய அன்று, இனி இந்த வாசலை மிதிக்காதே, உன் குரலே என் காதில் விழக் கூடாது என்று சொன்னது இந்த வாய்தான். வீட்டிலிருந்த ஒரே போனும் மகளோடு போயிற்று. அதற்குப் பிறகு இவள் போன் வாங்கவில்லை.

யார் கூப்பிடப் போகிறார்கள்?

அவளிடம் போய் நம்பர் கேட்பதாவது! காலிப் பையைச் சுருட்டி இடுக்கிக்கொண்டு விறுவிறுவென்று நடந்துவிட்டாள்.

*

சுகாதார நிலையத்து நர்சம்மா அவள் கையை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். உடைக்கிற வேலையை விட்டால் தோல் வளர்ந்துவிடும் என்றார். ஆனால் வளர்கிற தோலுக்கும் வயிறு வழியாகத்தானே சாப்பாடு போக வேண்டும்? முருங்கைக்கீரை தின்னச் சொன்னார். முட்டை, வேர்க்கடலை, நெல்லிக்காய். முடிந்தால் கொஞ்சம் முந்திரி.

முந்திரி என்றதும் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. உடைத்தது மலைமலையாக. தின்றதை விரல் விட்டு எண்ணிவிடலாம்.

முதலாளியிடம் கெஞ்சிக் கூத்தாடிப் பருப்பின் தோல் உரிக்கிற பக்கம் மாறிக்கொண்டாள். கூலி குறைவு. ஆனால் கையில் எண்ணெய் படாது.

சமைப்பதுதான் பெரும்பாடாக இருந்தது. இத்தனை நாளும் கஞ்சியும் ஊறுகாயுமாக ஓட்டியாயிற்று. தன் ஒருத்திக்காக அடுப்பு மூட்ட அவளுக்கு மனசே வரவில்லை.

முதல் நாள் முட்டையை அவித்தாள். நூலைச் சுற்றி இரண்டாக அறுத்தாள். பெரிய துண்டைக் கிண்ணத்தில் போட்டு மூடி வைத்த பிறகுதான் உறைத்தது.

அதையும் அவளே தின்ன வேண்டியிருந்தது. தண்ணீரைக் குடித்துக் குடித்து இறக்கினாள்.

சும்மா சொல்லக் கூடாது, கீரை வேலை செய்தது. சீப்போடு கொத்தாக வந்துகொண்டிருந்த முடி நின்றது. நகத்தின் அடியில் வெள்ளையாகப் புது நகம் எட்டிப் பார்த்தது. கறுத்த தோல் உரிந்து உரிந்து, உள்ளிருந்து மெல்லிசாக ஒரு தோல் வந்தது.

அதில் கோடுகள் இருந்தன.

வாசலுக்கு வந்து வெயிலில் விரலைத் தூக்கிப் பார்த்தாள். இங்கே பாரேன் என்று யாரிடமாவது காட்ட வேண்டும்போல் இருந்தது. பக்கத்து வீட்டில் பூட்டுத் தொங்கியது. தெருவில் ஒரு கோழி மட்டும் மேய்ந்துகொண்டிருந்தது.

தமிழரசி இருந்தால் குதித்திருப்பாள். வேலை முடிந்து வந்ததும் இந்தக் கையைப் பிடித்து வைத்துக்கொண்டு, விரல் விரலாகத் தேங்காய் எண்ணெய் தேய்த்துவிட்டவள் அவள்தான்.

கையை மடித்துக்கொண்டு உள்ளே போனாள்.

*

இரண்டு மாதம் கழித்துக் கடைக்குப் போனாள். அன்று கூட்டமில்லை. அவளைக் கண்டதும் ஞானவேல் எழுந்தே விட்டான்.

"எங்கம்மா போனீங்க? அன்னிக்கு நம்பர் போன ரெண்டாவது நிமிசமே உங்க பொண்ணு கடைக்குப் போன் பண்ணிடுச்சு. அம்மா அங்க நிக்குதான்னு கேட்டுச்சு. வெளிய வந்து பாக்குறேன், உங்களக் காணோம்."

அவள் பையைக் கீழே வைத்தாள்.

மீதியையும் அவனே சொன்னான். அம்மா போய்விட்டார்கள் என்றதும், சாப்பிடுகிறார்களா, உடம்பு இளைத்திருக்கிறதா என்று கேட்டதாம். எனக்கு எப்படித் தெரியும் என்றானாம். போனை வைத்துவிட்டதாம்.

அவள் கார்டை நீட்டினாள்.

ஞானவேல் அவள் விரலைப் பார்த்துவிட்டு அசந்துபோனான். அட, இந்தத் தடவை நிச்சயம் ரேகை விழுந்துவிடும் என்று மெஷினை அவள் பக்கம் நகர்த்தினான்.

அவளுக்கும் அது தெரியும்.

கண்ணாடியில் சிவப்பு வெளிச்சம் எரிந்தது. வலது கைக் கட்டைவிரலை அதன் கிட்டே கொண்டுபோனாள். படுவதற்கு முன்னால் நிறுத்தினாள்.

கையை மெல்லப் புரட்டினாள்.

புதிதாய் வளர்ந்த நகம் கண்ணாடியில் படும்படி வைத்து அழுத்தினாள்.

மெஷின் கீச்சென்றது.

ஞானவேல் விரலைப் பார்த்தான். அவள் முகத்தைப் பார்த்தான்.

"விழல தம்பி," என்றாள். "நம்பர அனுப்பு. நான் இங்கதான் நிக்கிறேன்."